இது எந்த ஊருண்ணா?

"மூணாவது செமஸ்டர் படிக்கிற பசங்க ஆய்விதழ் நடத்துறதா? இந்தப் பசங்களுக்கு எழுத வராது சார். முதல்ல ஒழுங்கா பரீட்சை எழுதச் சொல்லுங்க."

எங்கள் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் கூட்டத்தில் இதைக் கேட்டேன். கௌரவ விரிவுரையாளர் என்பதால் மேசையின் கடைசி நாற்காலி எனக்கு. கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. இதே பேச்சை வேலூரிலும் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் வெவ்வேறு வாய்களிலிருந்து பல ஆண்டுகளாகக் கேட்டுவருகிறேன். அன்றைக்கு வந்திருந்த கோரிக்கை மிகச் சிறியது. பி.ஏ. மாணவர்கள் ஏழு பேர் சேர்ந்து அரசியல் அறிவியலுக்கு ஓர் இதழ் தொடங்க அனுமதி கேட்டிருந்தார்கள். ஆண்டுக்கு இரண்டு இதழ். கட்டுரைகளை மாணவர்கள் எழுதுவார்கள், எது அச்சேறுவது, எது திரும்பிப் போவது என்று மாணவர்களே முடிவு செய்வார்கள், திருத்துவதும் அவர்களே. ஆலோசனைக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். பத்து நிமிடத்தில் தள்ளுபடி ஆயிற்று.

அந்த மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளைகள் தேர வேண்டும், வேலைக்குப் போக வேண்டும் என்று உண்மையாகவே விரும்புகிறவர்கள். அதனால்தான் அவர்கள் கருத்தை நின்று நிதானமாக மறுக்க வேண்டியிருக்கிறது. கெட்ட எண்ணத்தில் பேசுகிறவரை ஒதுக்கிவிட்டுப் போகலாம். அக்கறையோடு சொல்லப்படும் தவறான கருத்தைப் பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள்.

அங்கே சொல்லப்பட்ட காரணங்கள் ஐந்து. இளநிலை மாணவருக்கு ஆய்வு எழுதத் தகுதி இல்லை. மாணவர்களே திருத்தினால் தரம் இருக்காது. கல்லூரிக்குள் அரசியல் வரும், ஊரில் வம்பு வரும். வேலைக்கு உதவாது. தமிழில் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். ஐந்தும் தவறு என்பது என் கட்சி.

தகுதியிலிருந்து தொடங்குகிறேன். "முதலில் கற்கட்டும், பிறகு எழுதட்டும்" என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 5 அன்று நம் கல்லூரிகளில் ஒரு படத்துக்கு மாலை போடுகிறோம். அந்தப் படத்தில் இருக்கும் ராதாகிருஷ்ணன் படித்தது நம் வேலூர் ஊரீசு கல்லூரியில். பிறகு சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே எம்.ஏ. பட்டத்துக்காக வேதாந்தத்தின் அறவியல் பற்றி அவர் எழுதிய ஆய்வேடு 1908-இல் நூலாக அச்சாயிற்று. அப்போது அவருக்கு வயது இருபது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1916 மே 9 அன்று ஒரு மானுடவியல் கருத்தரங்கில் இந்தியச் சாதிகளைப் பற்றிக் கட்டுரை படித்த அம்பேத்கரும் அன்றைக்கு மாணவர்தான். அடுத்த ஆண்டு அந்தக் கட்டுரை 'இந்தியன் ஆன்டிக்குவரி' இதழில் வந்தது. நூறாண்டு கடந்தும் சாதியைப் படிக்க வருகிற எவரும் அதைத் தொடாமல் போவதில்லை.

"அவர்கள் மேதைகள். மேதைகளை வைத்து எல்லோருக்கும் விதி செய்ய முடியுமா?" என்று கேட்பார்கள். சரி, மேதைகளை விட்டுவிடுவோம். கிணறு எண்ணியவர்களைப் பார்ப்போம்.

சுற்றுச்சூழல் சட்டம் படிக்கும் இந்திய மாணவர்கள் எல்லோரும் மனப்பாடம் செய்யும் ஒரு வழக்கு உண்டு: வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம். தோல் பதனிடும் டேனரிகளின் கழிவுக்கு எதிராக 1991-இல் தொடுக்கப்பட்டது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பு தந்தது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்பதையும், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உறுதிசெய்த தீர்ப்பு அது. மாசுபடுத்திய டேனரி ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு அமைய வழி செய்தது. ஆம்பூர் பிள்ளை இதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகப் படித்து, எழுதி, மறந்துவிடுகிறது. வழக்கின் பெயரில் இருக்கும் வேலூர் தன் வேலூர்தான் என்று அந்தப் பிள்ளைக்குச் சொன்னவர் யாரும் இல்லை.

அந்தத் தீர்ப்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே எண்கள் இருக்கின்றன. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 35 லிட்டர் தண்ணீர். டேனரிகள் மிகுந்த பகுதிகளில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிர் செய்ய முடியாமல் போனது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் இருந்த 467 கிணறுகளில் 350 கெட்டுவிட்டன. இந்தக் கடைசிக் கணக்கை எடுத்தது ஒரு தன்னார்வ அமைப்பு. ஊர் ஊராகப் போய், கிணறு கிணறாக எட்டிப் பார்த்து, எழுதி வைத்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அந்த நோட்டுப் புத்தகக் கணக்கை எடுத்துக்கொண்டது. கிணறு எண்ண முனைவர் பட்டம் தேவைப்படவில்லை. நேர்மையாக எண்ண வேண்டும், எண்ணியதை இன்னொருவர் சரிபார்க்க விட வேண்டும், அவ்வளவே தேவைப்பட்டது. இந்த இரண்டையும் பழக்குவதற்குத்தான் ஆய்விதழ்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். தீர்ப்பைத் தொடர்ந்து அமைக்கப்பட்ட சூழலிழப்பு ஆணையம் 2001-இல் வேலூர் மாவட்டத்துக்கு இழப்பீடு நிர்ணயித்தது. பாதிக்கப்பட்டவர்கள் 29,193 பேர். பணம் தர வேண்டிய டேனரிகள் 547. மொத்தத் தொகை சுமார் 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள்: தலைக்குச் சராசரியாக 9,200 ரூபாய்கூட வரவில்லை. ஒரு குடும்பத்தின் கிணறும் நிலமும் போனதற்கு அதுதான் விலை. அந்த விலையும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. அதனால்தான் 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மறுபடியும் தீர்ப்பெழுத வேண்டி வந்தது. விடுபட்டவர்களுக்கு இழப்பீட்டைக் கொடு, மாசுபடுத்தியவர்களிடம் வசூல் செய், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமை என்று அரசுக்கு உத்தரவு போட்டது. வழக்குத் தொடுத்து 34 ஆண்டுகள் கழித்து வந்த உத்தரவு. இன்றைக்கு பி.ஏ. படிக்கும் பெண் பிறப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே வெற்றி பெற்ற வழக்கு, அவள் கல்லூரிக்கு வந்த பிறகும் நிறைவேறாமல் கிடக்கிறது. தீர்ப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் நடுவே எது நின்றது, எந்த அலுவலகம், எந்தக் கட்சி, எந்தச் சங்கம் என்பதைவிட அரசியல் அறிவியலுக்குப் பெரிய கேள்வி இந்த மாவட்டங்களில் வேறு எது? தாலுகா அலுவலகத்துக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் குடியிருக்கும் அந்தப் பெண்ணைவிட இதைக் கேட்கத் தகுதி உள்ளவர் யார்?

அடுத்து, தரம். தரத்தின் காவலர்களாகத் தங்களைக் கருதுபவர்கள் ஒரு செய்தியை நினைவில் கொள்ள வேண்டும். 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. காசு கட்டினால் கட்டுரை அச்சாகும் கடைகள் பெருகிப்போன காலம் அது. பதவி உயர்வுக்காகவும் முனைவர் பட்டத்துக்காகவும் அந்தக் கடைகளில் வரிசையில் நின்றவர்கள் இளநிலை மாணவர்கள் இல்லை. ஆசிரியர்கள் நடத்தினால் தரம் தானாக வந்துவிடும், மாணவர்கள் நடத்தினால் தானாகப் போய்விடும் என்பதற்கு நம் கண்முன்னே ஆதாரம் எதுவும் இல்லை.

மாணவர்கள் நடத்தியே தரம் கண்ட இதழ்கள் உண்டு. ஹார்வர்டு சட்ட மாணவர்கள் 1887-இல் தொடங்கிய இதழை இன்றுவரை மாணவர்களே நடத்துகிறார்கள். தொடங்கி நான்கு ஆண்டுகூட ஆகாத அந்த மாணவர் இதழில் 1890-இல் வாரன், பிராண்டைஸ் என்ற இரு வழக்கறிஞர்கள் அந்தரங்க உரிமை பற்றி எழுதினார்கள். 2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அறிவித்த தீர்ப்பில் அந்தக் கட்டுரை எடுத்தாளப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் பை சிக்மா ஆல்ஃபா என்ற அரசியல் அறிவியல் மாணவர் கழகம் இளநிலை மாணவர்களுக்கென்றே ஓர் ஆய்விதழ் வைத்திருக்கிறது. அதன் ஆசிரியர் குழு முழுக்க மாணவர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குப் பொறுப்பு கை மாறும்.

"அமெரிக்காவில் சட்டம் படிப்பவர்கள் ஏற்கெனவே பட்டதாரிகள்" என்ற பதில் உடனே வரும். உண்மைதான். அப்படியானால் பெங்களூருக்கு வாருங்கள். அங்குள்ள தேசிய சட்டப் பள்ளியின் ஆய்விதழையும், கொல்கத்தா தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தின் ஆய்விதழையும் மாணவர்களே நடத்துகிறார்கள். பிளஸ் டூ முடித்த கையோடு ஐந்தாண்டுப் படிப்பில் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். பெரிய வழக்கறிஞர்களும் பேராசிரியர்களும் அனுப்பும் கட்டுரைகளை இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள் படித்துத் திருத்துகிறார்கள், வேண்டாம் என்றும் சொல்கிறார்கள். அதே வயதுப் பிள்ளை ஆம்பூரில் தன் வகுப்புத் தோழனின் கட்டுரையைத் திருத்த முன்வந்தால் மட்டும் "எழுத வராது" என்கிறோம். வயது ஒன்றுதான். ஆக, நாம் சந்தேகப்படுவது வயதை அல்ல, பிள்ளையை. அப்பா டேனரியில் டிரம் ஓட்டுகிறார், அம்மா ஷூ கம்பெனியில் ஸ்டிச்சிங்கில் இருக்கிறார், வீட்டில் முதல் பட்டதாரி, தமிழ் வழியில் படித்தவர். இவருக்கு என்ன தெரியும் என்பதுதான் அந்த மேசையில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத காரணம். இந்தக் கட்டுரையில் நான் எதிர்ப்பது முக்கியமாக அதைத்தான்.

மாணவர் இதழில் குறையே வராது என்று நான் சொல்லவில்லை. நண்பன் கட்டுரைக்குச் சலுகை காட்டுவார்கள். கணினியில் கேட்டு வாங்கிய பத்தியை அப்படியே ஒட்டிக்கொண்டு வருவார்கள். ஆனால் இதற்கெல்லாம் மருந்து இதழுக்குள்தான் இருக்கிறது. அதை நேரில் பார்த்தேன்.

அனுமதி மறுக்கப்பட்ட பிறகும் அந்த ஏழு பேர் விடவில்லை. கல்லூரிப் பெயர் இல்லாமல் ஓர் இதழாவது ஜெராக்ஸ் எடுத்துவிடுவது என்று முடிவு செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களில் ஒருவர் வீட்டு மாடியில் கூடினார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். கீழே அந்த வீட்டு அம்மாவும் பக்கத்து வீட்டுப் பெண்களும் ஷூ அப்பரைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. மாடியில் எட்டுக் கட்டுரைகள், எழுதியவர் பெயரை மறைத்து. மறைத்தும் பயனில்லை, ஊர் சின்னது, யார் கை என்று எல்லோருக்கும் தெரியும்.

மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் பாலாற்றைப் பற்றி எழுதியிருந்தார். முதல் வரி: "பாலாறு செத்துவிட்டது. நம் கிணறுகள் அனைத்தும் விஷமாகிவிட்டன." கேட்டவுடன் கை தட்டத் தோன்றும் வரி. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருவர் அந்த வரியின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். கொஞ்சம் தயங்கினார். பிறகு கேட்டார்: "இது எந்த ஊருண்ணா?"

"எல்லா ஊரும்தாம்மா. உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும்ணா. படிக்கிறவங்களுக்குத் தெரியணும் இல்ல. எந்தக் கிணறு, எந்த வருஷத்துல இருந்துன்னு எழுதுங்க. இப்படியே போட முடியாது."

சீனியர் முகம் சிவந்துவிட்டது. அண்ணா என்று கூப்பிடும் பெண் தன் கட்டுரையைத் திருப்பித் தருகிறாள். கோபத்தோடு எழுந்து போனார். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். தன் ஆயாவின் கிணற்றைப் பற்றி நான்கு பக்கம் புதிதாக எழுதியிருந்தார். கிணற்றுத் தண்ணீரில் ஆக்கிய சோறு எப்போது நிறம் மாறியது என்று ஆயாவைக் கேட்டிருக்கிறார். ஆயாவுக்கு வருஷம் தெரியவில்லை. "பெரியவ கல்யாணத்துக்கு அந்தத் தண்ணியிலதான் ஆக்கிப் போட்டோம். அவ தலைப்பிரசவத்துக்கு வந்தப்போ வாயில வைக்க முடியல" என்றிருக்கிறார். பேரன் தகரப் பெட்டியைக் குடைந்து அத்தையின் கல்யாணப் பத்திரிகையை எடுத்தார். பிறகு அத்தை மகனின் பிறப்புச் சான்றிதழ். இரண்டு தேதிகளுக்கும் நடுவே ஒன்றரை ஆண்டு. அந்த ஒன்றரை ஆண்டுக்குள் கிணறு கெட்டது என்று எழுதினார். அதன் கீழே, ஒரு கிணற்றை வைத்து ஊர் முழுவதையும் பற்றிச் சொல்லிவிட முடியாது என்றும் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தார்.

முப்பது ஆண்டுகளாக வகுப்பெடுக்கிறேன். சான்று என்றால் என்ன, சாட்சியத்துக்கு எல்லை எது என்பதைக் கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். ஒரு மாணவர் அதைப் புரிந்துகொண்டதை நான் கண்ணால் பார்த்தது அந்த மாடியில்தான். கற்றுக்கொடுத்தது நான் இல்லை. அவரைவிட ஒரு வயது சின்னவரான ஓர் ஆசிரியர், சிவப்புப் பேனாவோடு. நான் கேட்டிருந்தால் மதிப்பெண்ணுக்காக எதையாவது எழுதித் தந்திருப்பார். தங்கை போல் இருப்பவர் கேட்டபோது ரோஷம் வந்தது. ரோஷத்தோடு போனவர் சான்றோடு வந்தார். கணினி எழுதித் தரும் கட்டுரையும் இந்தக் கேள்வியின் முன்னால் நிற்காது. அதனிடம் ஆயாவின் தகரப் பெட்டி இல்லை.

மூன்றாவது அச்சம் வம்பு பற்றியது. தோல் முதலாளிகளின் கொடையில் எழுந்த கல்லூரிகள் நம்முடையவை, அவர்களைப் பகைத்துக்கொள்ளலாமா என்பது. இதில் பாதி உண்மை. அதை மரியாதையோடு ஒப்புக்கொள்கிறேன். வாணியம்பாடி இஸ்லாமியா கல்லூரி 1919-இல் தொடங்கியது. மேல்விஷாரத்தில் அப்துல் ஹக்கீம் கல்லூரி 1965-இல் வந்தது. அது தாங்கி நிற்கும் பெயர் தோல் வணிகத்தில் ஈட்டியதைக் கல்விக்கும் தர்மத்துக்கும் அள்ளிக் கொடுத்தவருடையது. ஆம்பூரில் மஸ்ஹருல் உலூம் கல்லூரி 1969-இல். அரசு வருமுன் இந்தத் தோல் வணிகச் சமூகம் தன் காசில் கல்லூரி கட்டியது. படிப்பு வேண்டும் என்று கட்டினார்கள். படித்தவர்கள் பேசாமல் இருக்க வேண்டும் என்று கட்டியதாக எண்ணுவது அந்தக் கொடையாளர்களைத்தான் சிறுமைப்படுத்தும்.

இனி மறு பாதி. எழுதினால் வம்பு வரும் என்கிறோம். எழுதாமல் இருந்தபோது வராமல் இருந்ததா? 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்மேல் கழிவுச் சேறு பாய்ந்து 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்தச் சுவரைக் கட்ட அனுமதித்தது யார், பார்வையிட வேண்டியது எந்தத் துறை, ஓட்டு இங்கே இல்லாத தொழிலாளிக்காகக் கேள்வி கேட்க வேண்டிய மக்கள் பிரதிநிதி யார்? இவை கோஷங்கள் இல்லை. அரசியல் அறிவியல் பாடத்திட்டத்தில் நிர்வாகம், கூட்டாட்சி, பிரதிநிதித்துவம் என்ற தலைப்புகளில் இருப்பவைதான்.

நல்ல இதழ் முதலாளியின் பக்கத்தையும் எழுத வைக்கும். உப்புக் கலந்த கழிவு நீரைச் சொட்டுக்கூட வெளியே விடாமல் சுத்திகரிக்க எவ்வளவு செலவாகிறது, சிறிய டேனரியால் அதைத் தாங்க முடிகிறதா என்று கேட்காமல் எழுதிய கட்டுரையை அந்தச் சிவப்புப் பேனா திருப்பி அனுப்பும். ஐரோப்பாவுக்குப் போகும் தோலில் ஆறிணைதிறக் குரோமியம் என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொடக் கூடாது என்பது 2015 மே மாதம் முதல் அங்கே சட்டம். அந்தக் காலணியைப் போடும் பாதத்துக்கு எல்லை வகுத்துவிட்டார்கள். அந்தத் தோல் ஊறிய ஊரின் கிணற்றைப் பற்றி அந்த விதி எதுவும் பேசாது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள்மேல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது ஆம்பூர் முதலாளியும் தொழிலாளியும் ஒரே நாளில் கலங்கினார்கள். வாஷிங்டனில் ஒருவர் போடும் கையெழுத்து ஆம்பூர் பக்கத்துத் துத்திப்பட்டில் ஒரு வீட்டு அடுப்பைத் தொடும் விதத்தை நம் பிள்ளைகள் ஆராய்ந்து எழுதினால் அது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் ஒருங்கே உதவும்.

கல்லூரிக்குள் அரசியல் வேண்டாம் என்பவர்களுக்கு இன்னொரு நினைவூட்டல். 2019 மக்களவைத் தேர்தலில் பணப் புழக்கம் காரணமாக, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு தொகுதியின் தேர்தல் ரத்தானது. அந்தத் தொகுதி நம் வேலூர். ஆகஸ்ட் 5 அன்று மறுபடி நடந்த தேர்தல் 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. ஓட்டுக்குப் பணம் என்பதை நாடே நம் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பேசியது. நம் கல்லூரிகளோ அதைப் பற்றி ஒரு கருத்தரங்குக் கட்டுரை எழுதவும் தயங்கின. அரசியல் ஏற்கெனவே மாணவர் வீட்டுத் திண்ணைவரை கவரோடு வந்துவிட்டது. வெளியே நிற்பது அதைப் பற்றிய அறிவுதான்.

நான்காவது, வேலை. இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனி பஸ்ஸில் விடியற்காலையில் ஏறும் தாய், மகள் அதே பஸ்ஸில் ஏறக் கூடாது என்றுதான் கல்லூரிக்கு அனுப்புகிறாள். 'நான் முதல்வன்' போன்ற அரசுத் திறன் திட்டங்களில் பயிற்சிகள் வருகின்றன, வரட்டும். ஆனால் இதழ் நடத்துகிறவர்கள் என்ன பழகுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். நீண்ட ஆவணத்தைப் படித்துச் சாரம் எடுப்பது. எண்ணைச் சரிபார்ப்பது. குறித்த தேதிக்குள் முடிப்பது. ஒருவருடைய மனம் கோணாமல், ஆனால் விட்டுக்கொடுக்காமல், எழுத்தில் காரணம் சொல்லி மறுப்பது. தேர்வாணையத்தின் விரித்தெழுதும் தாளுக்கும் வழக்கறிஞர் தொழிலுக்கும் செய்தியாளர் வேலைக்கும் வேண்டியவை இவைதான். நம் தோல் கம்பெனிகளிலேயே வெளிநாட்டுக் கொள்முதல்காரர்களுக்காகத் தணிக்கை அறிக்கை எழுத ஆள் தேடுகிறார்கள். இதழ் வேலை படிப்பைக் கெடுக்கும் என்கிறவர், எந்த மாணவருக்கு எத்தனை மதிப்பெண் குறைந்தது என்று காட்டட்டும்.

கடைசியாகத் தமிழ். "ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் அது ஆய்விதழே இல்லை" என்கிறார்கள். ஆங்கிலத்திலும் எழுதட்டும், நான் எதிரி இல்லை. ஆனால் நம் கிணறுகளைப் பற்றிய தீர்ப்புகளும் நிபுணர் அறிக்கைகளும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டன. 29,193 பேரில் எத்தனை பேர் தங்களைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்திருப்பார்கள்? மாணவர் இதழின் முதல் வாசகர்கள் அவர்கள். அந்த மாடியில் கட்டுரைகளை வாசித்தபோது கீழே தைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திக் கேட்டார்கள். அவர்களில் உருது பேசும் ஒருவர், கூலி பற்றிய கட்டுரையில் ஒரு கணக்குத் தவறு என்று அங்கேயே சொன்னார்: நூலும் ஊசியும் தங்கள் செலவு, அதைக் கழிக்கவில்லை என்று. கட்டுரை திருத்தப்பட்டது. இதைவிடக் கறாரான சரிபார்ப்பை எந்தப் பன்னாட்டு இதழ் தரும்? தமிழில் எழுதியதால் கிடைத்த சரிபார்ப்பு அது. உருதுவிலும் சில பக்கங்கள் வந்தால் இன்னும் நல்லது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் அதற்கு வாசகர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். கையெழுத்து ஏடு நடத்தி வளர்ந்தது தமிழ்ப் பொதுவாழ்வு. 1942 ஆகஸ்ட் 10 அன்று திருவாரூரில் 'முரசொலி' துண்டறிக்கையாக வந்தபோது அதை எழுதியவருக்கு வயது பதினெட்டு. இலங்கையின் பேராதனையில் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்து மாணவர்கள் 'இளங்கதிர்' நடத்தினார்கள். இளைஞர் நடத்தும் ஏடு நமக்குப் புதிதில்லை. அதைக் கல்லூரிக்கு வெளியே தள்ளி வைத்ததுதான் புதிது.

நான் கேட்பது அதிகம் இல்லை. பூட்டிக் கிடக்கும் அறைகளில் ஒன்று. ஆண்டுக்கு இரண்டு இதழ் அச்சிட ஆகும் காசு. கல்லூரி ஆண்டு விழாவின் பந்தல் செலவைவிட அது குறைவாகவே இருக்கும். பெயரை மறைத்து, கட்டுரைக்கு இருவர் படிப்பது என்ற விதி. திருப்பி அனுப்பும் கட்டுரைக்குக் காரணத்தை எழுத்தில் தருவது என்ற விதி. எண்ணும் மேற்கோளும் சரியா என்று பார்க்க ஓர் ஆசிரியர். ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமை உண்டு, தடுத்து நிறுத்த இல்லை. அரசியல் அறிவியல் தனித் துறையாக இல்லாத கல்லூரியிலும் இது முடியும்; வரலாறும் பொருளியலும் படிக்கும் பிள்ளைகள் சேர்ந்துகொள்வார்கள்.

அந்தக் கூட்டத்தில் கேட்ட வாக்கியத்தை அந்த இரண்டாம் ஆண்டுப் பெண்ணின் மேசையில் வைத்துப் பார்க்கிறேன். "இந்தப் பசங்களுக்கு எழுத வராது." எந்தப் பசங்களுக்கு? எந்த ஊரில்? எந்த ஆண்டு எழுதச் சொல்லிப் பார்த்தீர்கள்? எத்தனை பேர் எழுதினார்கள், அதில் எத்தனை தேறவில்லை? எண்ணிப் பார்த்தது யார்? ஒன்றுக்கும் பதில் இல்லை. அப்படியானால் அவர் விதிப்படி அந்த வாக்கியத்தை அச்சிட முடியாது. சான்றைத் தேடி எடுத்துக்கொண்டு மறுபடி வரலாம். பாலாற்றைப் பற்றி எழுதியவர் இரண்டு வாரத்தில் வந்தார்.